இயங்கத் தொடங்காத பழைய கணினி: பழுது எந்த இடத்தில் என்று கண்டறியும் முறை

யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில், பிள்ளைகளின் படிப்புக்காக வாங்கப்பட்டு, அவர்கள் கொழும்புக்கோ கனடாவுக்கோ சென்ற பின்னரும் முன்னறையில் தங்கிவிட்ட மேசைக் கணினி ஒன்று இன்னும் பாவனையில் இருக்கிறது. கலியாணப் படங்களும், காணி உறுதிகளை ஸ்கான் செய்த பிரதிகளும் அதில் மட்டுமே இருப்பதும் உண்டு. அத்தகைய கணினி ஒருநாள் இயங்காமற் போனால், "ஃபோமற் அடித்தால் சரிவரும்" என்ற ஆலோசனைதான் பெரும்பாலும் முதலில் வருகிறது. ஃபோமற் என்பது வன்தட்டில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடுவதாகும். பழுது எங்கே என்று அறிவதற்கு முன் அந்த ஆலோசனையை ஏற்க வேண்டாம் என்று மிகவும் வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆளியை அழுத்தியதும் கணினிக்குள் நான்கு வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடைபெறுகின்றன. மின்சாரம், எல்லா உறுப்புகளும் பொருத்தப்பட்டிருக்கும் முதன்மைப் பலகையான தாய்ப்பலகையை அடைகிறது. தாய்ப்பலகையில் உள்ள பயோஸ் என்னும் சிறு நிரல் றாம் (தற்காலிக நினைவகம்), திரையட்டை (திரைக்குப் படத்தை அனுப்பும் அட்டை) முதலியவற்றைச் சோதிக்கிறது. பின்னர் அது வன்தட்டைத் தேடுகிறது. இறுதியில் வன்தட்டிலிருந்து விண்டோஸ் ஏறுகிறது. உங்கள் கணினி இவற்றுள் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

முதலாவது படி: மின்சாரம் வந்து சேர்கிறதா?

ஆளியை அழுத்தியும் விசிறி சுழலவில்லை, விளக்கும் எரியவில்லை என்றால், கணினியைத் திறக்காமல் சுவரிலிருந்து தொடங்குங்கள். பழைய வீடுகளில் வட்டமுனைத் துளைகளும், பின்னர் வாங்கிய கணினி வயரில் சதுரமுனைப் பிளக்கும் இருப்பதால், இடையில் ஒரு மாற்றுப் பிளக் போடப்பட்டிருக்கும். அது காலப்போக்கில் தளர்ந்துவிடும். சதுரமுனைப் பிளக்குக்குள் ஒரு சிறிய பியூஸ் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நன்றாக இயங்கும் வேறொரு கணினியின் அல்லது மொனிற்றரின் வயரை, அதன் மாற்றுப் பிளக்கோடு சேர்த்து, மாற்றிப் பொருத்திப் பார்ப்பது இவ்விரண்டையும் ஒரே நேரத்தில் சோதிக்கும் வழியாகும்.

அடுத்து, பெட்டியின் பின்புறத்தில் மின்வழங்கிக்கு (பவர் சப்ளைக்கு) அருகே 115, 230 என்று எழுதிய சிவப்பு ஆளி இருந்தால் அது 230 இல் இருக்க வேண்டும். 115 இல் வைத்து எமது 230 வோல்ட் மின்சாரத்தைக் கொடுத்தால் மின்வழங்கி எரிந்துவிடும். பின்னர் வயரைக் கழற்றிவிட்டு, கணினியின் ஆளியை முப்பது வினாடிகள் அழுத்திப் பிடித்து, உள்ளே எஞ்சியுள்ள மின்னேற்றம் வெளியேறியபின் மீண்டும் பொருத்திப் பாருங்கள். மின்வெட்டுக்குப் பின் இயங்காமற்போன கணினிகள் சில இதனாலேயே மீள்கின்றன. இத்தனைக்கும் பின்னர் அசைவில்லையென்றால் மின்வழங்கியில் பழுது இருக்க இடமுண்டு. அதன் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள், ஏனெனில் வயரைக் கழற்றிய பின்னரும் மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் உறுப்புகளான அதன் கொள்ளளவிகளில் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும். இன்னொரு மின்வழங்கியைப் பொருத்திச் சோதிக்கும்படி பழுதுபார்ப்பவரிடம் கேளுங்கள்.

இரண்டாவது படி: விசிறி சுழல்கிறது, திரையில் ஒன்றும் இல்லை

மொனிற்றரின் வயர் இரு முனையிலும் இறுக்கமாக உள்ளதா என்று பார்த்தபின், பெட்டியைத் திறக்கலாம். வயரைக் கழற்றி, பெட்டியின் உலோகப் பகுதியைக் கையால் தொட்டு, உடலில் உள்ள நிலைமின்னை நீக்கிக்கொண்ட பின்னரே உள்ளே கை வைக்க வேண்டும். கோண்டாவில், இணுவில், உரும்பிராய்ப் பக்கங்களில் செம்பாட்டுப் புழுதி விசிறியில் பசைபோல் அப்பியிருக்கும். குருநகர், நாவாந்துறை போன்ற கரையோர இடங்களில் உப்புக் காற்றினால் உலோக முனைகளில் களிம்பு ஏறியிருக்கும். மென்மையான தூரிகையால் புழுதியை அகற்றுங்கள், ஈரத்துணி வேண்டாம்.

பழைய கணினிகளில் இந்த இடத்தில் நான் முதலில் சந்தேகிப்பது றாமைத்தான். இருபக்கக் கொளுக்கிகளையும் விலக்கி அதனைக் கழற்றி, பொன்னிற முனைகளை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்து, கொளுக்கிகள் தாமாக மூடும் ஓசை கேட்கும்வரை அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு துண்டுகள் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு இயக்கிப் பாருங்கள். ஒன்றோடு இயங்கி மற்றதோடு இயங்காவிட்டால் பழுது எதில் என்பது தெளிவாகிவிடும். தாய்ப்பலகையில் ஒலிபெருக்கி இருப்பின் அதன் ஒலியையும் எண்ணிக்கொள்ளுங்கள். இந்த ஒலிக்குறிகள் பயோஸ் தயாரிப்பாளருக்கேற்ப மாறுபடும். உதாரணமாக, அவார்ட் பயோஸில் ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் திரையட்டைப் பழுதைக் குறிக்கும்.

பலகையில் நிற்கும் சிறு உருளைகளான கொள்ளளவிகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும். வீங்கியோ, பழுப்பு நிறக் கசிவுடனோ காணப்பட்டால் அந்தப் பலகையைத் திருத்துவது அனுபவமுள்ளவரின் வேலை.

மூன்றாவது படி: திகதி மாறுகிறது, அல்லது பயோஸ் எஃப் 1 ஐ அழுத்தச் சொல்கிறது

ஒவ்வொரு முறையும் கணினியின் திகதி பல வருடங்கள் பின்னோக்கிப் போனால், தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவப் பற்றரி தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். பெரும்பாலும் அது சீஆர் 2032 என்ற 3 வோல்ட் பற்றரியாகவே இருக்கும். மாற்றுவது இலகு, ஆனால் மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது, அதை ஓர் அனுபவத்தோடு சொல்கிறேன்.

கோண்டாவிலில் உள்ள என் மாமி வீட்டில் விண்டோஸ் 7 கணினி ஒன்று, பற்றரி மாற்றிய அன்றே நீலத் திரையுடன் நின்று, மறுபடி மறுபடி தானாகத் தொடங்கிக்கொண்டிருந்தது. கொண்டுபோய்க் காட்டிய இடத்தில் ஃபோமற் செய்ய வேண்டும் என்றார்கள். "தம்பி, பிள்ளையளின்ர சின்ன வயசுப் படமெல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு" என்று மாமி கலங்கிப்போய்ச் சொன்னார். திரையில் இருந்த 0x0000007B என்ற எண்தான் வழி காட்டியது: விண்டோஸ் தன் வன்தட்டை அணுக முடியவில்லை என்பது அதன் பொருள். பற்றரியைக் கழற்றியபோது பயோஸ் தன் ஆரம்ப அமைப்புக்குத் திரும்பி, வன்தட்டோடு பேசும் முறையை ஏஎச்சிஐ இலிருந்து ஐடிஈ என்று மாற்றியிருந்தது. பயோஸுக்குள் சென்று சாட்டா பகுதியில் அதனை மீண்டும் ஏஎச்சிஐ ஆக்கிச் சேமித்ததும், படங்கள் எதுவும் இழக்கப்படாமல் விண்டோஸ் திறந்தது. ஆகவே, பற்றரியைக் கழற்றுமுன் பயோஸ் பக்கங்கள் எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள்.

நான்காவது படி: வன்தட்டு கிடைக்கவில்லை என்ற அறிவிப்பு

பொருத்தியிருக்கும் பென் டிரைவ் முதலியவற்றைக் கழற்றிவிட்டு மீண்டும் இயக்குங்கள்; கணினி வன்தட்டை விட்டு அதிலிருந்து தொடங்க முயன்றிருக்கலாம். பின்னர் பயோஸில் வன்தட்டின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் அதன் இரு வயர்களையும் கழற்றி மீளப் பொருத்துங்கள். வன்தட்டு ஒரே சீராக "டிக், டிக்" என்று ஒலித்தால் உடனே நிறுத்திவிடுங்கள்: பழுதுபட்ட வன்தட்டு ஓடும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளே இருப்பவை குறைந்துகொண்டே போகக்கூடும்.

ஒலி இல்லை, பெயரும் தெரிகிறது என்றால், எதையும் திருத்துவதற்கு முன் கோப்புகளைப் பிரதியெடுங்கள். வேறொரு கணினியில் 8 ஜிபி பென் டிரைவில், விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸ் மின்ற்றை எழுதி, அதிலிருந்து பழைய கணினியைத் தொடங்கினால், நிறுவாமலேயே வன்தட்டைத் திறந்து கோப்புகளை வெளி வன்தட்டொன்றுக்கு நகலெடுக்கலாம். இதற்கு 64 பிற் செயலி தேவை. இல்லையேல் வன்தட்டைக் கழற்றி, யூஎஸ்பி மாற்றி மூலம் இன்னொரு கணினியில் இணையுங்கள். மேசைக் கணினியின் மூன்றரை அங்குல வன்தட்டுக்குத் தனி மின்சாரம் வேண்டும் என்பதால், அதற்குரிய மின் இணைப்பு உள்ள மாற்றியையே வாங்க வேண்டும்.

ஐந்தாவது படி: விண்டோஸ் ஏறும்போது நின்றுவிடுகிறது

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்த காலத்தை நாம் மறக்கவில்லை. வன்தட்டில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் விண்டோஸின் கோப்புகள் சிதையக்கூடும். விண்டோஸ் 7 இல், கணினி தொடங்கும்போதே எஃப் 8 ஐப் பலமுறை அழுத்தினால், அத்தியாவசியமானவற்றை மட்டும் ஏற்றித் தொடங்கும் சேஃப் மோட் கிடைக்கும். விண்டோஸ் 10 இல் அது வழமையாகச் செயற்படாது. விண்டோஸ் ஏறும் வேளையில் ஆளியை அழுத்திப் பிடித்து நிறுத்துவதை இரண்டு மூன்று முறை செய்தால் பழுதுநீக்கும் திரை தானாக வரும். அங்கே முதலில் ஸ்ராட்அப் றிப்பெயாரை முயலுங்கள். பயனில்லையெனில் ஸ்ராட்அப் செற்றிங்ஸ் வழியாக மீள்தொடங்கி 4 ஐ அழுத்துங்கள். சேஃப் மோடில் திறந்தால், கடைசியாக நிறுவிய மென்பொருளை நீக்கிவிட்டு வழமைபோல் தொடங்கிப் பாருங்கள்.

வன்தட்டைச் சரிபார்க்கும் செக் டிஸ்க் கட்டளையை, கோப்புகளைப் பிரதியெடுத்த பின்னரே இயக்குங்கள், ஏனென்றால் தேய்ந்த வன்தட்டு அந்த நீண்ட வாசிப்பைத் தாங்காமற் போகலாம். அதன் பின்னரும் விண்டோஸ் திறக்காவிட்டால், பிரதியெடுத்த படங்களை இன்னொரு கணினியில் ஒவ்வொரு கோப்புறையிலும் சிலவாகத் திறந்து பார்த்து, அவை முழுமையாக இருப்பதை உறுதிசெய்த பிறகு, ஃபோமற் செய்து புதிதாக நிறுவலாம்.