எம்எச்370: ஊகங்களைச் சலித்துப் பார்ப்பது எப்படி

2014 மார்ச் 8 அதிகாலை கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்குக் கிளம்பிய மலேசியா ஏர்லைன்ஸின் எம்எச்370 (போயிங் 777) விமானம் 239 பேருடன் காணாமல் போனது. காரணம் சொல்லும் ஊகம் எதையும் நம்பும் முன், மலேசிய நேரப்படி இவற்றைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: 1:19 விமானி அறையின் கடைசிக் குரல், 1:21 டிரான்ஸ்பாண்டர் (விமானத்தின் அடையாளத்தைத் தரை ரேடாருக்கு அனுப்பும் கருவி) மறைவு, 2:22 ராணுவ ரேடாரில் கடைசித் தடம், 2:25 செயற்கைக்கோள் கருவி தானாக மறுபடி இணைதல், 8:19 செயற்கைக்கோளுடன் கடைசித் தொடர்பு.

பலரும் தாண்டிப் போவது 2:25-ஐத்தான். அறுந்த இணைப்பு தானாகத் திரும்புகிறது என்றால், பெரும்பாலும் அந்தக் கருவிக்கு மின்சாரம் நின்று திரும்ப வந்திருக்க வேண்டும். இதற்கு விடை சொல்லாத ஊகம் பாதி ஊகம்தான்.

முதலில் தீ. சரக்கில் 221 கிலோ லித்தியம் அயான் பேட்டரிகள் இருந்தது உண்மை. ஆனால் 1998-ல் சுவிஸ்ஏர் 111-ல் புகை நாற்றம் வந்து சுமார் 20 நிமிடத்தில் விமானம் கடலில் விழுந்தது. இங்கோ டிரான்ஸ்பாண்டர் போனபின் ஏறக்குறைய 7 மணி நேரம் பறந்திருக்கிறது. தொடர்புகளை மட்டும் எரித்துவிட்டு அணைந்த தீ என்றால், அதை விளக்கும் பொறுப்பு சொல்பவருடையது.

அடுத்து விமானத்துக்குள் காற்றழுத்த இழப்பு. 2005-ல் ஹீலியாஸ் 522 விமானத்தில் விமானிகள் மயங்கியபின், ஏற்கெனவே பதிவான பாதையில் ஆட்டோபைலட் பறந்தது. எம்எச்370 அப்படியில்லை: இடப்பக்கம் திரும்பி, மலேசியத் தீபகற்பத்தைக் கடந்து, பினாங்குக்குத் தெற்கே மறுபடி வடமேற்கே வளைந்தது. முதல் திருப்பம் கைமுறையாக நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்கிறது மலேசிய விசாரணைக் குழுவின் 2018 இறுதி அறிக்கை. ஆகவே மயக்கம் பிற்பாதிக்குப் பொருந்தலாம், முதல் மணி நேரத்துக்குப் பொருந்தாது.

மனிதச் செயல் அந்த முதல் மணி நேரத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் 'திருப்பியது ஒரு கை' என்பதிலிருந்து 'இன்னார் கை' என்று தாவாதீர்கள். அதே அறிக்கை மூன்றாம் நபரின் தலையீட்டையும் தள்ளிவிடவில்லை, காரணத்தையும் முடிவுசெய்யவில்லை.

ரகசியமாகத் தரையிறங்கியது என்பதை 2015 ஜூலையில் ரீயூனியன் தீவில் ஒதுங்கிய இறக்கைப் பகுதியே உடைக்கிறது. முடிவைப் பற்றிச் சண்டை வந்தால் 8:19-ஐப் பாருங்கள். எரிபொருள் தீர்ந்து மின்சாரம் போய்த் துணை மின்னியந்திரம் ஓடியதும் வந்த இணைப்பாகவே அது கருதப்படுகிறது. அந்தச் சமிக்ஞையின் அலைவரிசை மாற்றம் வேகமான இறக்கத்தைக் காட்டுகிறது. தான்சானியாவில் கிடைத்த ஃபிளாப் (மெதுவாக இறங்கும்போது இறக்கையின் பின்னால் விரிக்கும் பலகை) துண்டும் பெரும்பாலும் விரிக்கப்படாத நிலையில் இருந்தது. கடல்மேல் மெதுவாக இறக்கினார்கள் என்ற ஊகம் இங்கே வலுவிழக்கிறது.