பெரிய கோயிலில் மாலை வெயில்: படம் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு மாலையில் கேமராவோடு வருகிறவர்கள் பெரும்பாலும் நந்தி மண்டபத்துப் பக்கமே நின்றுவிடுகிறார்கள். கருவறைக்கு மேல் எழும் கோபுரமான விமானம் முழுசாகத் தெரிகிற இடம் அது. ஆனால் கோயில் கிழக்கு பார்த்தது. மாலையில் சூரியன் விமானத்துக்குப் பின்னால் போய்விடும். அங்கிருந்து எடுத்தால் வானம் வெளுத்து, கல் கறுத்துத்தான் வரும். "விமானத்தின் நிழல் தரையில் விழாது" என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். சூரியன் 15 டிகிரி உயரத்தில் இருக்கும்போது சுமார் 216 அடி விமானத்தின் நிழல் ஏறத்தாழ 800 அடி நீளும். கோயிலைச் சுற்றியுள்ள வெளிச்சுற்றான திருச்சுற்றின் நீளமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். கிழக்கே நிற்கிற நீங்கள் அந்த நிழலின் பக்கம் நிற்கிறீர்கள்.

வெயில் இருப்பது பின்பக்கம். மேற்குத் திருச்சுற்றுக்குப் போனால் செம்மை படர்ந்த கல் மஞ்சள் பூசின மாதிரி நிற்கும். அங்கேயும் எந்த மூலையில் நிற்பது என்பது மாதத்தைப் பொறுத்தது. மார்கழியில் சூரியன் நேர் மேற்கிலிருந்து தெற்கே சுமார் 24 டிகிரி விலகி மறைகிறது. ஆனியில் அதே அளவு வடக்கே. மார்கழியில் தென்மேற்கு மூலையில், பிள்ளையார் சன்னதிப் பக்கம் நின்றால் விமானத்தின் இரண்டு முகத்திலும் வெளிச்சம் இருக்கும். அழகுதான், ஆனால் கொஞ்சம் தட்டையாக வரும். வடமேற்கே முருகன் சன்னதிப் பக்கம் வாருங்கள். ஒரு முகம் வெயிலில், ஒரு முகம் நிழலில் இருக்கும். கட்டடத்தின் கனம் படத்தில் தெரியும். எனக்குப் பிடித்தது இந்தக் கோணம்தான்.

அந்த மாதத்தில் தெற்குச் சுவரையும் விட்டுவிடாதீர்கள். வெயில் சுவரை உரசிக்கொண்டு சாய்வாகப் போவதால் கோட்டங்களில், அதாவது சுவர் மாடங்களில், உள்ள சிற்பங்களின் மடிப்புகளும் கல்வெட்டு எழுத்துகளும் நிழல் கட்டி எழும்பி நிற்கும். ஆனால் கல்வெட்டுகள் உள்ள அடிப்பகுதியை முதலில் எடுத்துவிடுங்கள். மேற்கே மதிலை ஒட்டியுள்ள தூண் மண்டபமான திருச்சுற்று மாளிகையின் நிழல் கீழேயிருந்து ஏறிக்கொண்டே வரும். கடைசி வெயில் சிகரத்துக்கு. மேலேயிருந்து தொடங்குகிறவர் கீழே இறங்கி வரும்போது அங்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது.

இன்னொன்று, நேரக் கணக்கு. சூரியன் மறைவதற்கு முன் வரும் பொன்னொளி ஒரு மணி நேரம் இருக்கும் என்று படித்துவிட்டு நிதானமாக வருகிறார்கள். நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குகிறது. கடைசி ஆறு டிகிரியைக் கடக்க லண்டனில் ஜூன் மாதம் 50 நிமிடம் ஆகும் என்றால், தஞ்சையில் 25 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். மார்கழியில் ஆறு மணியையொட்டி மறைந்துவிடும். ஆனியில் ஆறரைக்கு மேல். எந்த மாதமானாலும் ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய், படம் எடுக்காமல் ஒருமுறை சுற்றி வாருங்கள்.

கேமராவில் செய்கிற தவறுகள் எளிதில் திருந்தக்கூடியவை. நிறச் சமநிலையைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருந்தால், எந்த நிறத்துக்காக வந்தீர்களோ அதையே கேமரா பிழையென்று நினைத்துக் குறைத்துவிடும். அதை வெயில் (டேலைட்) அமைப்பில் வையுங்கள். எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்சத்தின் அளவை) கல்லின் வெளிச்சமான பகுதிக்கு வைத்து, ரா கோப்பாக, அதாவது கேமரா திருத்தாத மூலக் கோப்பாக எடுங்கள். நிழலைப் பிறகு தூக்கலாம், வெளுத்துப்போன வானத்தை மீட்க முடியாது. மொபைலில் எடுப்பவர்கள் வெளிச்சமான கல்லைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் கீழே இழுத்தால் போதும். கிட்டத்தில் நின்று கேமராவை அண்ணாந்து பிடித்தால் விமானம் பின்னால் சாய்கிற மாதிரி வரும். முடிந்தவரை பின்னால் போங்கள். அப்புறம், வீட்டில் உட்கார்ந்து ஆரஞ்சு நிறத்தை ஏற்றாதீர்கள். அந்தக் கல்லை நேரில் பார்த்தவருக்கு உடனே தெரிந்துவிடும்.

சூரியன் மறைந்ததும் கிளம்பிவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. விளக்குகள் எரியத் தொடங்கி, வானம் கருநீலமாகி, இரண்டும் சமமாகிற சில நிமிடங்கள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதால் டிரைபாடுக்கு முன் அனுமதி வேண்டும். இல்லையென்றால் கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவைக் கூட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுங்கள். இப்போது சூரியன் இல்லை, எதிர் வெளிச்சமும் இல்லை. நந்தி மண்டபத்துக்குத் திரும்பி வர இதுதான் நேரம்.