பிள்ளைகளோடு பறவை பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சேலத்தில் குடும்பத்தோடு பறவை பார்க்கலாம் என்றதுமே பலரும் வண்டியை ஏற்காட்டுக்குத்தான் விடுகிறார்கள். ஞாயிறு ஒன்பது மணிக்குக் கிளம்பி 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் வெயில் வந்துவிடும், பறவைகள் அடங்கிவிடும், பின் சீட்டில் பிள்ளைக்கு வாந்தி. முதல் தடவைக்குக் கன்னங்குறிச்சி மூக்கனேரியே போதும். விடிந்ததும் கரையில் நின்றால் நாமக்கோழி, முக்குளிப்பான், சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகம் என்று எல்லாம் மறைவில்லாமல் கண்ணுக்குத் தெரியும். இலைக்குள் ஒளியும் சின்னப் பறவையைத் தேடப் பழக்கம் வேண்டும். ஏரிப் பறவைக்கு அது தேவையில்லை.

அடுத்தது பைனாகுலர். பெரிதாகக் காட்டும் என்று 10×50 (பத்து மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 50 மி.மீ. அகலம்) வாங்கிவிடுகிறார்கள். அது கனம், கை ஆடினால் படமும் கூடவே ஆடும். பிள்ளைகளுக்கு 8×32 நல்லது. அப்பா பார்த்த பைனாகுலரை அப்படியே மகள் கண்ணில் வைத்தால் அவளுக்கு மங்கலாகத்தான் தெரியும். முதலில் நடுவில் மடக்கி, இரண்டு வட்டமும் ஒன்றாகும்படி அவள் கண் அகலத்துக்குக் கொண்டுவாருங்கள். வலது கண்ணை மூடி, இடது கண்ணுக்குத் தெளியும்வரை நடுச் சக்கரத்தைத் திருப்பட்டும். பிறகு இடது கண்ணை மூடி, வலது கண் பக்கம் இருக்கும் வளையத்தைச் சரிசெய்யட்டும். கண்ணாடி போட்ட பிள்ளையென்றால் கண் வைக்கும் பக்கத்து ரப்பர் வளையத்தைக் கீழே இறக்கிவிடுங்கள். இதைச் செய்யாமல் "தெரியுதா, தெரியுதா" என்று அவசரப்படுத்தினால், பாவம், ஒன்றும் தெரியாமலே தலையாட்டிவிடும்.

மலையில் எனக்கு ரொம்ப வேதனை தருவது செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிடுவது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பாறைச் சரிவுகளில் மஞ்சள் தொண்டைச் சின்னான் இருக்கிறது. உலகத்திலேயே தென்னிந்தியாவில் மட்டும் வாழும் பறவை அது. குரல் கேட்டதும், தன் எல்லைக்குள் வேறொன்று நுழைந்துவிட்டது என்று எண்ணி இரையையும் கூட்டையும் விட்டுவிட்டு வரும். நமக்கு ஒரு போட்டோ, அதற்கு வீண் அலைச்சல். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலியைப் பயன்படுத்துங்கள், தப்பில்லை. ஸ்பீக்கரில் போடாதீர்கள்.

ஏரிக்கரையில் ஆள்காட்டிப் பறவை கத்திக்கொண்டே தலைக்கு மேல் சுற்றினால் "பாரு, நம்மகிட்ட வருது" என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். பக்கத்தில் எங்கோ தரையில் முட்டை இருக்கலாம். முட்டை மண் நிறத்தில் புள்ளி புள்ளியாக இருப்பதால் மிதித்த பிறகுதான் தெரியும். காலடியைப் பார்த்துக்கொண்டே வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டப் பக்கம் காட்டெருமை நின்றால் இறங்கக் கூடாது, ஹாரன் அடிக்கக் கூடாது, செல்ஃபி கூடவே கூடாது. நன்கு வளர்ந்த காளை ஒரு டன் எடைகூட இருக்கும். குரங்குக்கு பிஸ்கட்டும் வேண்டாம்.

அப்புறம், அபூர்வப் பறவையை மட்டும் எழுதிவைக்கும் பழக்கம். காக்கையையும் மைனாவையும் எண்ணி வைத்தால்தான் நாளைக்கு அவை குறைந்தாலும் தெரியும். ஜனவரியில் பொங்கலையொட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் குடும்பமாகவே சேரலாம். மொட்டை மாடியில் 15 நிமிடம் நின்று, பார்த்த அத்தனையையும் இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிந்தால் சரி. பிள்ளைகள் எண்ணட்டும், பெரியவர்கள் எழுதுங்கள்.