புரோநோட்டில் இருப்பது என் கையெழுத்தே இல்லை என்பவர்களுக்கு

புரோநோட்டை (கடன் உறுதிச் சீட்டை) வைத்துப் போடும் கடன் வழக்குகளிலேயே என் வக்கீல் வாழ்க்கையில் பாதி ஓடிவிட்டது. பிரதிவாதியாக வரும் கட்சிக்காரர் உட்கார்ந்ததும் சொல்வது ஒன்றுதான்: "எக்ஸ்பர்ட்டுக்கு அனுப்புங்க சார், உண்மை வெளியே வந்துடும்." அவ்வளவு லேசில் வராது. கையெழுத்து நிபுணர் தருவது கருத்து. அதை ஏற்பதும் தள்ளுவதும் நீதிபதியின் வேலை. நிபுணர் கருத்தைப் பற்றிய விதி 1872 சாட்சியச் சட்டத்தில் 45-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 39-ஆம் பிரிவு. கையெழுத்தைப் பொறுத்தவரை எண்தான் மாறியிருக்கிறது.

நிபுணருக்கு அனுப்பக் கேட்டு மனுப் போடுவதற்கு முன்பே ஒப்பிடுவதற்கான கையெழுத்துகளைத் தேடுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் விட்டேன். வக்காலத்திலும் (வக்கீலை நியமிக்கும் பத்திரம்) எதிர்வழக்குரையிலும் (வழக்குக்குத் தரும் எழுத்துப் பதில்) இருந்த கையெழுத்துகளை மட்டும் அனுப்பினேன். அறிக்கை எங்களுக்குச் சாதகமாகவே வந்தது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு மூத்த வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டார்: "இதெல்லாம் வழக்கு வந்த பிறகு போட்ட கையெழுத்துதானே?" நிபுணர் ஆமாம் என்றார். அதோடு அறிக்கை படுத்துவிட்டது. வேண்டுமென்றே மாற்றிப் போட்டிருக்கலாம் என்ற சந்தேகத்தை அதற்குப் பிறகு யாராலும் துடைக்க முடியவில்லை.

ஆகவே புரோநோட்டுத் தேதியை ஒட்டிய, சண்டை தொடங்குவதற்கு முந்தைய கையெழுத்துகள் வேண்டும். பதிவான கிரயப் பத்திரம், வங்கிக் கணக்கு தொடங்கிய படிவம், இன்சூரன்ஸ் விண்ணப்பம் என்று தேடுங்கள். ஒன்றிரண்டு போதாது, ஒரே மனிதர் கையெழுத்தே நாளுக்கு நாள் கொஞ்சம் மாறும். மூல ஆவணமாகவே இருக்கட்டும். ஜெராக்ஸில் பேனா அழுத்தம் தெரியாது. வங்கியில் இருப்பதைக் கோர்ட் மூலமாக வரவழைக்கலாம்.

மனுவை உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 26 விதி 10ஏ-யையும் (அறிவியல் ஆய்வுக்குக் கமிஷனரை நியமிக்கும் விதி) சேர்த்துப் போடுங்கள். வாதம் முடியும் கட்டத்தில் போட்டால் இழுத்தடிக்கிறார் என்ற பெயர்தான் மிஞ்சும். மயிலாப்பூரில் உள்ள தடய அறிவியல் துறைக்கு அட்வகேட் கமிஷனர் (கோர்ட் நியமிக்கும் வக்கீல்) மூலம் அனுப்பக் கேட்பது நல்லது. தனியார் நிபுணரையும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் கூண்டில் அவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வியே "உங்களுக்கு ஃபீஸ் கொடுத்தது யார்?" என்பதாக இருக்கும்.

அறிக்கை வந்ததும் கடைசி வரிக்குத் தாவாதீர்கள். காரணங்களைப் படியுங்கள். எழுத்தின் சாய்வு, பேனாவைத் தூக்கிய இடங்கள், தொடங்கும் முடிக்கும் கோடுகள், நடுக்கம் இவை பெரிதாக்கிய படங்களோடு விளக்கப்பட்டிருக்கின்றனவா? முடிவு சரியா என்று நீதிபதி தானே சோதித்துப் பார்க்கும் அளவுகோல்களை நிபுணர் கொடுக்க வேண்டும் என்று 2009-ல் ஒரு மருத்துவ அலட்சிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. காரணம் இல்லாத அறிக்கை எதிராக வந்திருந்தால் அங்கேயே பிடியுங்கள். எத்தனை கையெழுத்து பார்த்தீர்கள், ஒத்துப்போகாத இடங்களை ஏன் குறிப்பிடவில்லை, அந்த வருடம் அவர் உடல்நிலை எப்படி என்று தெரியுமா என்று கேளுங்கள்.

மையின் வயதைச் சோதிக்கக் கேட்டுப் பலர் பணத்தை விடுகிறார்கள். 2010-ல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படியொரு கோரிக்கையை ஏற்கவில்லை. ஐந்து வருடத்துக்கு முன் வாங்கிய பேனாவில் நேற்றும் எழுதலாமே!

அறிக்கை சாதகம் என்றாலும் சாட்சிகளை விட்டுவிடாதீர்கள். நிபுணர் கருத்துக்கு வேறு ஆதரவு இருந்தே தீர வேண்டும் என்ற விதி இல்லை, ஆனால் எச்சரிக்கையோடு அணுக வேண்டும் என்பது 1979-ல் முராரி லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. அது குற்ற வழக்கு என்றாலும் சிவில் கோர்ட்டிலும் தினமும் வாசிக்கிறோம். புரோநோட்டை எழுதியவர், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் இருவர் சொல்வதோடும் அறிக்கை பொருந்துகிறதா என்று நீதிபதி பார்ப்பார்.

சிலர் பாதி வழக்கில்தான் வாயைத் திறப்பார்கள்: "கையெழுத்து என்னுதுதான் சார், வெத்துத் தாள்ல போட்டது." அவருக்கு எக்ஸ்பர்ட் தேவையே இல்லை. கையெழுத்தை ஒப்புக்கொண்டதும் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 118-ஆம் பிரிவு பணம் கைமாறியது என்றே அனுமானிக்கும். மறுப்பது அவர் பொறுப்பு. அவரிடம் நான் கேட்பது அந்த மாதத்து பேங்க் பாஸ்புக்கையும், தாளை வாங்கிய அன்று கூட யார் இருந்தார்கள் என்பதையும்தான்.