ஊக்கமருந்துச் செய்தி வந்தால் பிள்ளைகளிடம் பேசுவது எப்படி?

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விளையாட்டு ஆசிரியராக இருக்கிறேன். சைக்கிள் பந்தயத்தில் ஆசை உள்ள பிள்ளைகள் சிலர் என்னோடு பயிற்சி செய்கிறார்கள். ஜூலையில் பிரான்ஸின் பெரிய சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸ் நடக்கும்போது அன்றன்றைய ஓட்டம் முடிய நமக்கு இரவு ஒன்பது மணியாகிவிடும். வெளியே மழை கொட்டும், பிள்ளைகள் போனில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குப் பிடித்த வீரர் பிடிபட்டார் என்று செய்தி வந்தால், மறுநாள் காலையில் முதல் கேள்வி, "சேர், அவரும் ஊசி போட்டாரா?" என்பதுதான். உங்கள் வீட்டிலும் கேட்பார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

"எல்லாரும் அதைத்தான் செய்றாங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கோபத்தில் பெரியவர்கள் வாயில் முதலில் வருவது இதுதான். கேட்கும் பிள்ளைக்கு அதில் இரண்டு விஷயம் போய்ச் சேருகிறது: சுத்தமாக ஓட்டினால் ஜெயிக்க முடியாது, ஏமாற்றியவருக்கும் ஏமாற்றாதவருக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டாவது அப்பட்டமான பொய்.

முதலில் செய்தியைப் பிள்ளையோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். வந்திருப்பது எந்தக் கட்டம் என்று பாருங்கள். வீரரிடம் எடுக்கும் சிறுநீரை ஏ, பி என்று இரண்டு போத்தல்களில் பிரித்து முத்திரை வைப்பார்கள். ஏ போத்தலில் மருந்து தெரிந்தால், பி போத்தலையும் சோதிக்கும்படி கேட்க வீரருக்கு உரிமை உண்டு. பி பொருந்தாவிட்டால் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. அதற்குப் பிறகுதான் விசாரணை, தீர்ப்பு எல்லாம். ஆகவே தலைப்பில் "சிக்கினார்" என்று இருந்தாலும், உள்ளே இருப்பது ஏ முடிவு மட்டும்தானா, தீர்ப்பே வந்துவிட்டதா என்று தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பொறுமை ஏன் வேண்டும் என்பதற்கு பிரிட்டிஷ் சைக்கிள் வீரர் கிறிஸ் ஃப்ரூமின் கதை போதும். 2017 ஸ்பெயின் பந்தயத்தில் அவருடைய சிறுநீரில் சல்பியூட்டமோல் என்ற மூச்சிழுப்பு மருந்து அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. டிசம்பரில் செய்தி கசிந்தது. 2018 ஜூலையில், டூர் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, வழக்கு மூடப்பட்டு அவர் விடுவிக்கப்பட்டார். அதற்குப் பிறகும் அந்த டூர் முழுக்க வீதியோரம் நின்றவர்கள் கூச்சல் போட்டார்கள். அல்ப் துவேஸ் ஏற்றத்தில் ஒருவர் கைநீட்டி அவரை அடித்தார். மலை ஏறிக்கொண்டிருக்கும் ஒருவரைத் தொடுவது எவ்வளவு ஆபத்து என்று றம்பொடை வளைவுகளில் மிதித்த பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

குற்றம் உறுதியானால் மழுப்பவும் கூடாது. அமெரிக்க வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு டூர் ஜெயித்தார். 2012 ஒக்டோபரில் ஏழும் பறிக்கப்பட்டன. அடுத்த ஜனவரியில் தொலைக்காட்சியில் அவரே ஒப்புக்கொண்டார். புற்றுநோயிலிருந்து எழுந்து வந்தவர் என்று உலகமே கொண்டாடிய மனிதர். அவர் எடுத்தவற்றில் ஒன்று ஈபிஓ. சிறுநீரக நோயாளிகளுக்கு இரத்தசோகைக்குப் போடும் ஊசி அது, சிவப்பணுக்களைக் கூட்டும். நல்ல உடம்பில் ஏற்றினால் இரத்தம் தடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். இதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆனால் அவரைத் திட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். எனக்கு மனது கொதிப்பது வேறு இடத்தில். 1999 டூரில் கிறிஸ்தோஃப் பஸோன் என்ற பிரெஞ்சு வீரர், சுத்தமாக ஓட்டுபவர் என்று பெயர் எடுத்தவர், ஊக்கமருந்து பற்றிப் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார். சக வீரர்களே அவரை ஒதுக்கினார்கள். நீ போய்விடு என்று ஆர்ம்ஸ்ட்ராங் ஓடும்போதே சொன்னார். பஸோன் பந்தயத்தை முடிக்காமல் வீடு திரும்பினார். ஆர்ம்ஸ்ட்ராங்கின் அணியில் மசாஜ் செய்த எம்மா ஓ'ரைலி உண்மையைச் சொன்னதற்காக வழக்கைச் சந்தித்தார். அப்போது ரசிகர்களில் பெரும்பாலோர் கைதட்டியது யாருக்கு என்று யோசித்துப் பாருங்கள். இந்த இரண்டு பெயர்களையும் என் பிள்ளைகள் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன். பஸோன் இருந்தார் என்று தெரிந்த பிள்ளையிடம் "எல்லாரும்" என்ற பேச்சு எடுபடாது.

பார்க்கவே வேண்டாம் என்று தடுப்பதா? ஜெர்மனியில் 2007-ல் பாட்ரிக் சிங்கேவிட்ஸ் என்ற அந்நாட்டு வீரர் சோதனையில் சிக்கிய செய்தி வந்ததும் இரண்டு பெரிய பொதுத் தொலைக்காட்சிகளும் டூர் நேரடி ஒளிபரப்பை நடுவிலேயே நிறுத்தின. ஒரு நிறுவனம் எடுக்கும் முடிவாக அதை மதிக்கிறேன். ஆனால் ஒரு பிள்ளை பார்க்காமல் விட்டுவிட்டால், சுத்தமாக ஓட்டுபவனையும் சேர்த்துத்தான் இழக்கிறது. நான் பார்க்கச் சொல்வேன்.

அப்புறம் மருந்து. ஃப்ரூம் செய்தி வந்த பிறகு, மூச்சிழுப்பு உள்ள பிள்ளையின் இன்ஹேலரை நிறுத்திவிடலாமா என்று ஒரு அம்மா என்னிடம் கேட்டார். நிறுத்தவே கூடாது. இந்தப் பனியிலும் குளிரிலும் அந்தப் பிள்ளைக்கு அது தேவை. சல்பியூட்டமோல் இன்ஹேலர் விதிப்படி அனுமதிக்கப்பட்டதுதான். 24 மணி நேரத்துக்கு 1,600 மைக்ரோகிராம் என்பது உச்ச வரம்பு, அதையும் மொத்தமாக ஒரே நேரத்தில் எடுக்கக் கூடாது. வைத்தியர் சொன்ன அளவிலேயே இருங்கள்.

கவனம் வேண்டியது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொடியிலும் கஷாயத்திலும். நம் கிரிக்கெட் வீரர் உபுல் தரங்க 2011 உலகக் கிண்ணத்தின்போது தோள்வலிக்குக் குடித்த ஒரு மூலிகை மருந்தில் தடைசெய்யப்பட்ட ஸ்டீரொய்டு இருந்தது. ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று விசாரணையில் ஏற்றுக்கொண்டும் மூன்று மாதத் தடை விழுந்தது. உடம்பில் இருந்தால் பொறுப்பு வீரருடையது, அதுதான் விதி. மாவட்ட மட்டப் போட்டிக்குப் போகத் தொடங்கும் பிள்ளைக்கு இப்போதே ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். எந்த மருந்து குடித்தாலும் பெயர், திகதி, யார் கொடுத்தது என்று அதில் எழுதட்டும். லேபிள் இல்லாத போத்தலை யார் அன்பாக நீட்டினாலும் வாங்க வேண்டாம், அது நானாக இருந்தாலும் சரி. சந்தேகம் வந்தால் இலங்கை ஊக்கமருந்து தடுப்பு முகவர் நிலையத்திடம் கேட்ட பிறகே குடிக்க வேண்டும்.