ஜாய்ஸ்டிக் அடாப்டருக்கு எந்த யூஎஸ்பி சாக்கெட்?

கமோடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினி காலத்து ஜாய்ஸ்டிக்கை இன்றைய கணினியில் மாட்ட ஒரு அடாப்டர் வைத்திருக்கிறேன். ஒன்பது பின் பிளக்: 1 முதல் 4 வரை திசைகள், 6 சுடும் பட்டன், 8 கிரவுண்ட். அதில் சிக்கலே இல்லை. தொல்லை கொடுத்தது மைக்ரோ யூஎஸ்பி சாக்கெட்தான். ஆட்டம் சூடுபிடித்தால் கேபிளை இழுக்காமல் யார் விளையாடுவார்கள்? ஒருநாள் போர்டின் செம்புத் தடத்தையும் உரித்துக்கொண்டு கையோடு வந்துவிட்டது.

சதுர டைப்-பி நல்ல உறுதி, ஆனால் என் பெட்டிக்குள் உயரம் போதவில்லை. அதனால் டைப்-சி. அதிலும், சாக்கெட்டின் உலோக உறையின் நான்கு கால்களும் போர்டைத் துளைத்து இறங்கும் வகையைத்தான் வாங்க வேண்டும்.

மாற்றிய பிறகு ஏ-டு-சி கேபிளில் (கணினிப் பக்கம் பழைய அகலமான டைப்-ஏ பிளக்) ஓடியது. இரு முனையும் டைப்-சியான சி-டு-சியில் உயிரே இல்லை. எதிர்முனையில் ஒரு கருவி இருப்பதை சிசி1, சிசி2 பின்கள் காட்டினால்தான் சி போர்ட் 5 வோல்ட் தரும். இரண்டு பின்களிலிருந்தும் கிரவுண்டுக்குத் தனித்தனியாக 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்துப் பற்றவைத்தேன், உடனே விளக்கு எரிந்தது. ஒரே ரெசிஸ்டரை இரண்டுக்கும் பொதுவாகப் போடாதீர்கள், சில கேபிள்களில் மின்சாரம் வராது. தரவு செல்லும் ஏ6-பி6, ஏ7-பி7 பின்களையும் ஜோடியாக இணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிளக்கைத் திருப்பிச் சொருகும்போது கணினிக்கு அடாப்டர் தெரியாது.