எழுத்தில் தடுமாறும் பிள்ளைக்கு வீட்டில் என்ன செய்யலாம்?

டிஸ்லெக்சியா, அதாவது வாசிக்கவும் எழுதவும் தடுமாறவைக்கும் கற்றல் குறைபாடு, உள்ள பிள்ளைக்கு ‘கொ’ பெரிய தொல்லை. கொம்பு முதலில் கண்ணில் படும், அதன் ஒலியோ ககரத்துக்குப் பிறகுதான் வரும். ‘கொடி’ ‘கெடி’யாகிவிடும். இருபது தடவை எழுதச் சொல்வது வீண். தப்புதான் கையில் படியும்.

தட்டில் கோலமாவை மெல்லிசாகப் பரப்புங்கள். “க், ஒ, கொ” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதட்டும். தினம் 15 நிமிடம், ஒரே எழுத்து. ல, ள, ழ மூன்றையும் சேர்த்து எடுத்தால் குழம்பும். ஒன்று உறுதியானதும் அடுத்தது. புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் ‘கடலூர்’, ‘விழுப்புரம்’ போர்டுகளில் அன்றைய எழுத்தைத் தேடச் சொல்லலாம். விளையாட்டாகத்தான், பரீட்சையாக அல்ல.

அறிவியல், சமூக அறிவியலை நீங்களே வாசித்துக் காட்டி, பதிலை வாய்மொழியாகக் கேளுங்கள். எழுத்துக்கூட்டத் தெரியாததால் பாடம் புரியாது என்றில்லை.

பார்வையையும் காதையும் முதலில் பரிசோதித்துவிடுங்கள். கற்றல் குறைபாடு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. அரசு மருத்துவமனைச் சான்றிதழ் இருந்தால் சிபிஎஸ்இ 10ஆம் வகுப்பில் 3 மணி நேரத் தேர்வுக்கு 1 மணி நேரம் கூடுதலாகக் கேட்கலாம்; சொல்வதை எழுத ஆளும் கேட்கலாம். சான்றிதழை 9ஆம் வகுப்பிலேயே பள்ளியில் கொடுத்துவிடுங்கள், தேர்வு நெருக்கத்தில் அலைந்தால் நாள் போதாது.